உங்கள் பிள்ளை பிளம்பிங் வேலைக்கு வந்தால் விடுவீர்களா?

மதுரை ரெஞ்ச் | இரவு 9.42

தொழிலில் இருக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன். மதுரையில் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். புது வீடு, சின்ன அபார்ட்மெண்ட், ரிப்பேர் எல்லாம் எடுப்பேன். பையன் இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறான். மார்க் மோசமில்லை, ஏதாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்துவிடும். ஆனால் லீவு விட்டால் என்னோடு சைட்டுக்கு வந்து பழகிவிட்டான். போன வாரம் சாப்பிடும்போது, "காலேஜ் எதுக்குப்பா, நானும் உங்ககூடவே வர்றேனே" என்றான். அன்றிலிருந்து அவன் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான்தான் தூண்டிவிட்டேனாம்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். சோறு போட்டது, வீட்டுக்கு மேல்தளம் போட வைத்தது. ஆனாலும் அவன் அப்படிச் சொன்னபோது சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் வீட்டில் இதே கேள்வி வந்தால் என்ன சொல்வீர்கள்?

பழைய பிட்டர் | இரவு 10.05

விடமாட்டேன். விடவும் இல்லை.

நான் ஜிஐ என்கிற இரும்பு பைப் காலத்து ஆள், சென்னை. வைஸில் பைப்பைப் பூட்டி, டை என்கிற கருவி போட்டு மரை வெட்டி, சணல் சுற்றி, வெள்ளை லெட் தடவி முறுக்கினால் ஒரு சொட்டு கசியக் கூடாது. புதுப் பையனை டை பக்கமே விட மாட்டார்கள். பைப் தூக்கு, எண்ணெய் ஊற்று, டீ வாங்கி வா, அவ்வளவுதான். மரை வெட்டக் கற்றவனுக்கு மேஸ்திரி மரியாதை கிடைத்தது. சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப் வந்த பிறகு ஒரு கட்டரும் ஒட்டுகிற சொல்யூஷன் ஒரு டப்பாவும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பிளம்பர். கூலி பேசுகிற இடத்தில் எனக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் முட்டி. வாஷ்பேசினுக்கு அடியிலும் டாய்லெட்டிலும் குத்தவைத்தே ஆயுசு போனது. இப்போது மாடிப்படி என்றால் யோசித்துத்தான் ஏறுவேன். பெரியவன் பேங்கில் இருக்கிறான், சின்னவன் மருந்து ரெப். இரண்டு பேருக்கும் குழாய்க்கு வாஷர் மாற்றத் தெரியாது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இளங்கோ பிஇ | இரவு 10.18

நான் தொழிலில் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் கான்ட்ராக்டில் வேலை. கைக்கு 16,000 வருகிறது. காலேஜுக்கு வாங்கிய கடன் தனி. போன மாதம் எங்கள் ரூமில் ஃப்ளஷ் டேங்க் ரிப்பேர் ஆனது. வந்தவர் அரை மணி நேரத்தில் முடித்து 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு என் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. பையன் ஆசைப்பட்டால் விடுங்கள் சார்.

மதுரை ரெஞ்ச் | இரவு 10.40

தம்பி, அந்த 500 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். போகவர பெட்ரோல். சைஃபன் வாஷர் எந்த சைஸ் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்புகிற நேரம். அதே நாளில் இன்னொரு இடத்துக்குப் போய், வீட்டுக்காரர் பூட்டிவிட்டு வெளியே போயிருப்பார், சும்மா திரும்பியிருப்பார். ஆடி மாதம் யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் சைட் நிற்கும். புது வீட்டு வேலையில் பால் காய்ச்சும் வரைக்கும் "முடிச்சுத் தாங்க, செட்டில் பண்ணிடலாம்" என்பார்கள். பால் காய்ச்சிய மறுநாளிலிருந்து போன் எடுக்க மாட்டார்கள். என் நோட்டில் வராத பாக்கி மட்டும் தனிப் பக்கம் இருக்கிறது.

நல்ல மாதத்தில் உங்களைப் போல இரண்டு மடங்கு வரும், உண்மைதான். கெட்ட மாதத்தில் ஹெல்பர் சம்பளத்தைக் கையிலிருந்து கொடுப்பேன். பிஎஃப் கிடையாது, லீவு போட்டால் பணம் கிடையாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது, பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை வந்தது, 60 தாண்டினால் சின்ன ஓய்வூதியம் வரும். அதை மட்டும் நம்பி வயதாக முடியுமா?

சாந்தி நெல்லை | இரவு 11.02

வீட்டம்மா ஏன் பேசவில்லை என்று உங்களுக்குத் தெரியவில்லையா அண்ணாச்சி? நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரரும் இதே வேலைதான்.

மச்சினருக்குப் பெண் பார்த்தோம். அவரும் பிளம்பிங்தான், நல்ல சம்பாத்தியம், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. தரகர் முதலிலேயே சொல்லிவிட்டார், "பிளம்பர்னு போடாதீங்க, சானிட்டரி கான்ட்ராக்டர்னு போடுங்க." அப்படிப் போட்டும் இரண்டு இடத்தில் வேலையை விசாரித்துவிட்டு நழுவிவிட்டார்கள். அதில் ஒரு இடத்தில் அவர்கள் பார்த்து முடித்த மாப்பிள்ளை ஐடியில் நைட் ஷிப்ட், எங்கள் மச்சினரைவிடக் குறைந்த சம்பளம். அவருக்குக் கழுத்தில் ஐடி கார்டு தொங்குகிறது, இவருக்குக் கையில் சொல்யூஷன் கறை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் ஊரில் தாய்மார்கள் பையன் சம்பளத்தை மட்டுமா பார்க்கிறார்கள்? நாளைக்கு அவனுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டியது அவர்கள்தானே.

கோவை சைட் | காலை 6.30

இரண்டு பக்கமும் இருந்தவன் பேசுகிறேன். ஹெல்பராகத் தொடங்கி இப்போது அபார்ட்மெண்ட்களுக்கு லேபர் கான்ட்ராக்ட் எடுக்கிறேன்.

பிட்டர் ஐயா சொன்னது பாதிதான் சரி. பைப் ஒட்டுவது எளிதாகிவிட்டது. வேலை எளிதாகவில்லை. சுவருக்குள் போகிற டைவர்ட்டர், சுவரில் தொங்குகிற க்ளோசெட், அதற்குள்ளே மறைந்த ஃப்ளஷ் டேங்க், பிரஷர் பம்ப், சோலார், ஹீட் பம்ப் என்று வந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டும் முன் லைனில் தண்ணீர் ஏற்றி பிரஷர் டெஸ்ட் போட்டு, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சோம்பேறித்தனமாக அதை விட்டால், ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரியும், டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். கழிவு லைனுக்கு வாட்டம் எவ்வளவு, வென்ட் எங்கே ஏற்றுவது, இதெல்லாம் தெரிந்தவனுக்கு இன்றும் தட்டுப்பாடுதான். ஒட்டத் தெரிந்தவன் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பான்.

இன்னொன்று. என் சைட்டில் பெரும்பாலும் ஒடிசா ஆட்கள். கேந்திரபாரா மாவட்டம், பட்டாமுண்டை பக்கம். இந்தியாவில் எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் அந்த ஊர் பிளம்பர்கள் இருப்பார்கள். அங்கே மாநில அரசே பிளம்பிங்குக்கென்று தனியாக ஒரு கல்வி நிறுவனம் நடத்துகிறது. அண்ணன் தம்பியைக் கூட்டி வருவான், மாமன் மருமகனைக் கூட்டி வருவான். என் மேஸ்திரி போன வருஷம் மகனையே கொண்டுவந்து சேர்த்தார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை, பெருமையாகத்தான் நின்றார். இங்கே நாம் ஒவ்வொருவரும் பையனை விலக்கிக்கொண்டு, பிறகு "எல்லா வேலையும் வடநாட்டுக்காரன் கைக்குப் போச்சு" என்று டீக்கடையில் புலம்புகிறோம்.

வியாசை பாலு | காலை 8.15

ஒடிசாக்காரர் சங்கடப்படாமல் நின்றது சரி. இங்கே ஏன் சங்கடம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லையே.

குழாய் வேலை என்று கூப்பிடுவார்கள். போய் டேப்பை மாற்றிவிட்டு நிமிர்ந்தால், "அப்படியே அந்த சேம்பரையும் பார்த்துடுங்க, அடைச்சிருக்கு" என்பார்கள், கழிவுநீர்க் குழியைத்தான். மறுத்தால் முகம் மாறும். எங்கள் தெருப் பெயரைச் சொன்னாலே, இவன் அதற்குத்தான் என்று முடிவு செய்துவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கேட்டால் தனி டம்ளரைத் தேடுவார்கள். அதே வீட்டுக்கு ஏசி மெக்கானிக் வந்தால் சோபாவில் உட்கார வைப்பார்கள்.

2013 சட்டப்படி பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. இன்னும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை இல்லை என்று நம்பி இறங்குகிறவன்தான் போகிறான். மூடியே கிடந்த சம்ப்பும் அப்படித்தான், காற்று இருக்காது.

என் பையனை இந்தத் தொழிலுக்கு விடுவேனா? குழாய் வேலை மட்டும்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விடுவேன்.

தென்றல் 72 | காலை 8.50

அப்பன் செய்த வேலையைப் பிள்ளை செய்யட்டும் என்பதே குலக்கல்வி. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்தார், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று. ஊரே எதிர்த்தது. 1954-இல் காமராஜர் வந்து எடுத்துவிட்டார். இப்போது நாமாகவே திரும்ப அங்கே போகிறோமா?

கோவை சைட் | காலை 9.05

அய்யா, சட்டம் போட்டு "நீ இதைத்தான் செய்ய வேண்டும்" என்பது வேறு. பிளஸ் டூ முடித்த பையன் "எனக்கு இது பிடிச்சிருக்கு" என்பது வேறு. டாக்டர் மகன் டாக்டர் ஆனால் மட்டும் யாரும் குலக்கல்வி என்று சொல்வதில்லையே.

வியாசை பாலு | காலை 9.12

டாக்டர் மகனுக்கு வேண்டாம் என்று சொல்ல வசதி இருக்கிறது. அதுதான் வித்தியாசம். தென்றல் ஐயா கேட்டது நியாயமான கேள்விதான், பாய வேண்டாம்.

தென்றல் 72 | காலை 9.20

2023-இல் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்குக் கடனும் பயிற்சியும் தர விஸ்வகர்மா திட்டம் என்று 18 தொழில்களுக்குக் கொண்டுவந்தபோதும் தமிழ்நாட்டில் இதே பேச்சுத்தான் எழுந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று மாநில அரசு கேட்டது. 35 ஏன்? அதற்குள் படிக்கிறவன் படித்து முடித்திருப்பான், தானாக யோசித்து வருவான் என்றுதான். 17 வயதுப் பையனின் ஆசையை அவ்வளவு பெரிதாக எடுக்காதீர்கள் என்கிறேன்.

மட்டுறுத்துநர் | காலை 9.31

அரசியல் இதோடு போதும். கேள்வி பிளம்பிங் பற்றியது.

குளித்தலை குமார் | காலை 10.10

சார் இங்கே நிறைய பிளம்பர்கள் இருப்பதால் கேட்கிறேன், எங்கள் வீட்டில் மேல் டேங்க் நிறைந்தும் ஷவரில் தண்ணீர் மெதுவாக வருகிறது. என்ன செய்யலாம்?

பழைய பிட்டர் | காலை 10.14

ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போடு, உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் ஓட்டை அடைத்திருக்கும். அப்படியும் வராவிட்டால் தனி இழை தொடங்கு.

தேவகோட்டை சிங்கை | பகல் 12.45

சிங்கப்பூரில் பைப்பிங் வேலை. ஊரில் டெஸ்ட் சென்டரில் பழகி, அந்த ஊர் கட்டடத்துறைத் திறன் தேர்வில் பிளம்பிங் பாஸ் செய்துதான் வந்தேன். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கவே நாளாகிவிட்டது. ஆனால் வேலை செய்கிற முறை பிடித்திருக்கிறது. ஹெல்மெட், ஷூ, பெல்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். குழியில் இறங்குவதென்றால் முதலில் காற்றை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும், பெர்மிட் வேண்டும். பாலு அண்ணன் கேட்ட கையெழுத்து இங்கே இருக்கிறது.

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவன் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. மகன் வளர்வதை வீடியோ காலில்தான் பார்க்கிறேன். "என்னோடு சைட்டுக்கு வந்து பழகிவிட்டான்" என்று மதுரை அண்ணன் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. என் பையனுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்றே சரியாகத் தெரியாது. "அப்பா ஃபாரின்" அவ்வளவுதான்.

ஸ்கார்பரோ குழாய் | இரவு 7.20

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. எங்கட பக்கத்திலும் முந்தி இதே கதைதான், டாக்டர் இல்லாட்டில் இன்ஜினியர். இஞ்ச வந்து பார்த்தால் நிலைமை வேற.

ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாமல் பிளம்பர் வேலை செய்ய ஏலாது. அப்ரண்டிஸாகச் சேர்ந்து 9,000 மணித்தியாலம் முடிக்க வேணும், கிட்டத்தட்ட ஐந்து வருஷம். இடையில் மூன்று கட்டமாக வகுப்பு, கடைசியில் பரீட்சை. அதுக்குப் பிறகு யூனியன், பென்ஷன், பல்லு வைத்தியம் வரை காப்புறுதி. படிக்கிற காலத்திலேயே சம்பளம், ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் கூடும்.

என்ர மகன் யூனிவர்சிட்டி இரண்டாம் வருஷத்தில் விட்டுப்போட்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன். மனுசிக்கு முதலில் ஒரே அழுகை, கோயிலில் சனத்துக்கு என்ன சொல்லுறது என்று. இப்ப அதே சனம் வீட்டு பேஸ்மெண்டில் தண்ணி வந்தால் அவனுக்குத்தான் போன் அடிக்குது. குளிர் காலத்தில் பைப் உறைஞ்சு வெடிச்சால் இரவு இரண்டு மணிக்கும் போக வேணும், அதையும் சொல்ல வேணும். லேசான வேலை இல்லை.

மதுரைத் தம்பி, உங்கட பயம் வேலையைப் பற்றினதா, அந்த வேலைக்குப் பின்னால் ஒரு பத்திரமும் இல்லை என்பதைப் பற்றினதா? எனக்கு இரண்டாவதாகத்தான் தெரியுது.

நீலா எம்இபி | இரவு 8.35

எல்லாரும் பையன், பையன் என்றே எழுதுகிறீர்கள். என் அப்பா திருச்சியில் பிளம்பர். நான் சிவில் முடித்து, ஒரு ஆலோசனை நிறுவனத்தில் கட்டடங்களுக்கு பிளம்பிங் டிராயிங் போடுகிறேன். தண்ணீர் லைன், கழிவு லைன், மழைநீர், சுத்திகரிப்பு நிலையம் எல்லாம். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்களே, அப்போது அப்பாவுக்கு ஓய்வே இல்லாமல் வேலை வந்ததாம், அந்தப் பணத்தில்தான் என்னை நல்ல பள்ளியில் சேர்த்ததாகச் சொல்வார்.

முதல் டிராயிங்கை அவரிடம் காட்டினேன். பைப் சைஸ் எதையும் பார்க்கவில்லை. குழாய்கள் இறங்குகிற டக்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்த அகலத்துல ஆள் எப்படி நின்னு ரெஞ்ச் திருப்புவான்?" என்று கேட்டார். ஆபீஸில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஆர்க்கிடெக்ட்டோடு சண்டை போட்டு ஒன்பது அங்குலம் கூட வாங்கினேன்.

நான் ரெஞ்ச் பிடிக்க வந்திருந்தால் அப்பா விட்டிருக்க மாட்டார், அது வேறு சண்டை. ஆனால் தொழில் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. உங்கள் பையனும் பாலிடெக்னிக்கோ சிவிலோ படித்துவிட்டு இதற்குள்ளேயே வரலாம். சைட்டில் நின்றவனுக்கும் நிற்காதவனுக்கும் டிராயிங்கிலேயே வித்தியாசம் தெரியும்.

இளங்கோ பிஇ | இரவு 8.50

ஐடிஐ-யில் பிளம்பர் டிரேடு ஓராண்டுதானே? அரசு ஐடிஐ என்றால் கட்டணம் பெரிதாக இல்லை, மாதம் 750 உதவித்தொகையும் வரும். சர்டிஃபிகேட் இருந்தால் வெளிநாட்டுக்கும் உதவும். நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பழைய பிட்டர் | இரவு 9.15

இளங்கோ, போய்ச் சேர். சும்மா டைப் அடித்துக்கொண்டிருக்காதே.

மதுரைக்காரரே, நேற்று நான் முடியாது என்று எழுதியதில் மாற்றம் இல்லை. ஆனால் பையனை விடுவதாக முடிவு செய்தால் ஒன்றைக் கேளுங்கள். உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவிடம் வேலை கற்றவன் வாய்விட்டுக் கூலி கேட்க மாட்டான். நீங்களும் கொடுக்க மாட்டீர்கள், "வீட்டுப் பணம்தானே" என்பீர்கள். தப்பு செய்தால் மற்ற பையனை இரண்டு வார்த்தை திட்டுவீர்கள், இவனை இருபது வார்த்தை. வீட்டுக்கு வந்தும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தொடரும். என் அண்ணனும் அவர் மகனும் ஒரே டூல்ஸ் பையோடு வேலைக்குப் போய், கடைசியில் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனார்கள். கல்யாணத்துக்குக்கூட தனித்தனியாகத்தான் வருவார்கள். பழைய மேஸ்திரிகள் சொந்த மகனை அடுத்த மேஸ்திரியிடம்தான் அனுப்புவார்கள், காரணம் இல்லாமல் இல்லை.

சாந்தி நெல்லை | இரவு 9.22

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. ஹார்டுவேர் கடை கமிஷன் பணத்துக்காகவே எங்கள் வீட்டில் மாமனாருக்கும் இவருக்கும் பெரிய சண்டை. ஃபிட்டிங்ஸ் டப்பாவுக்குள் கூப்பன் வருமே, அதை யார் ஸ்கேன் பண்ணுவது என்றுகூட சண்டை வந்திருக்கிறது.

மதுரை ரெஞ்ச் | இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. ஸ்கார்பரோ அண்ணன் கேட்டது மண்டையில் நிற்கிறது. வேலைக்காக நான் பயப்படவில்லை. அவன் என் வயதுக்கு வரும்போது முட்டி போய், ஒரு கடையில் பில் போடக்கூட முடியாமல், இப்போதைய என்னைப் போல பாக்கி நோட்டோடு அலைவான் என்றுதான் பயம். பாலு எழுதியதும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு நடந்ததை அவனுக்கு நான் சொன்னதில்லை.

இன்று வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். காலேஜா, பாலிடெக்னிக்கா என்று ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம், எது என்றாலும் படிப்பு உண்டு என்று அவன் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவனும் தலையாட்டினான். பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும் வரை இருக்கிற லீவில் மட்டும் வேலைக்குப் போகட்டும், ஆனால் என்னிடம் இல்லை, வெளியில் யாரிடமாவது. முழு நாள், முழு வெயில். அதற்குப் பிறகும் இதே பேச்சு பேசுகிறானா என்று பார்க்கிறேன்.

கோவை சைட் | இரவு 10.48

என்னிடம் அனுப்புங்கள். சரவணம்பட்டியில் ஒரு சைட் ஓடுகிறது, தங்க ரூம் இருக்கிறது, ஒடிசா பசங்களோடு தங்கட்டும், கொஞ்சம் இந்தியும் வரும். முதல் மாதம் சுவர் வெட்டுகிற வேலையும் பைப் தூக்குகிற வேலையும்தான். சேம்பரில் இறங்கச் சொல்ல மாட்டேன், பாலு பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹெல்பர் கூலி சனிக்கிழமை சனிக்கிழமை அவன் கையில்தான் கொடுப்பேன், உங்களுக்கு ஜிபே பண்ண மாட்டேன். அவன் எப்படி வேலை பார்க்கிறான் என்று தினமும் போன் போட்டு என்னிடம் கேட்கக் கூடாது.

நல்ல சேஃப்டி ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். செருப்போடு வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவேன்.